எடிவான் பிடுங்கிய ஒயர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு செத்த பேட்டரியிலிருந்து பிறந்தது, அதுவும் என்னுடையது. கிட்டாரை எதிரொலிக்க வைக்கும் எக்கோ பெடலை, சொருகிய ஒயரோடு, மூலையில் போட்டு வைத்திருந்தேன். அதன் சிறு விளக்கு அணைந்திருந்ததால் பெடலும் அணைந்திருக்கிறது என்றே நினைத்தேன். இந்தப் பெலேம் ஊரில் பதினாறு வருடமாக இருக்கிறேன், மழை எத்தனை மணிக்கு வரும் என்றுகூடத் தெரியும், இது தெரியவில்லை. தனியாக இருப்பவருக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் ஏது? ஆகவே ஓர் ஆளை, ஒஸ்மரீனு என்ற கிட்டார்காரனை, உண்டாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: "ஒஸ்மரீனு மேடையேறியபோது வானம் இருண்டு—"

வேண்டாம். இந்த ஊரில் தினமும் மத்தியானம் வானம் இருளத்தான் செய்கிறது.

இரண்டாவது: குவாமா பேட்டையின் ஞாயிற்றுக்கிழமை நடனத்தில், தனி வாசிப்புக்கு நடுவில் ஒஸ்மரீனுவின் பெடல் உயிரை விட்டது. கிட்டார் ஊமையானது. ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் அப்படியே நின்றன. தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு இது. குழுவை நடத்தும் பாடகி மாரிஸ்டெலா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்."

இது இருக்கட்டும்.

3

பழுதுபார்க்கும் லுசிவால்டா பெடலைத் திறந்து பார்த்தாள்.

"இதுல ஒரு கோளாறும் இல்லண்ணே. வாசிச்சு முடிச்சதும் கிட்டார் ஒயரப் புடுங்குறீங்களா?"

"எதுக்கு? அதான் காலால அமுக்கி நிறுத்திடுறேனே."

"நல்லா நிறுத்தினீங்க போங்க! இங்க பாருங்க, பேட்டரியோட கறுப்பு ஒயரு இந்த ஓட்டைக்குள்ள நடுத்தகட்டுல நிக்குது. கிட்டார் ஒயரோட பின்ன உள்ள சொருகினா அதோட தண்டு இந்தத் தகட்டையும் பக்கத்துத் தகட்டையும் சேத்துத் தொடும். அப்பதான் கரண்டு ஓடும். பின்னுதான் சுவிட்சு. நீங்க காலால அமுக்குறது சத்தத்த மட்டுந்தான் மாத்தும்."

(அடிக்குறிப்பு: இது கிட்டாரைச் சொருகும் ஓட்டைக்கு மட்டும். ஒலிபெருக்கிக்குப் போகும் ஓட்டையில் எது கிடந்தாலும் பேட்டரிக்குக் கவலையில்லை.)

"இருபத்திரண்டு வருஷமா வச்சிருக்கேம்மா. ஒருநாளும் இப்படி ஆனதில்ல."

"அப்ப இருபத்திரண்டு வருஷமா யாரோ புடுங்கியிருக்காங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஒஸ்மரீனு சிரிக்கவில்லை.

4

யாரோ இல்லை, எடிவான். குழுவில் இரண்டாவது கிட்டார் வாசித்தவன். ஆட்டம் முடிந்ததும் ஒஸ்மரீனு பீர் குடிக்கவும் பெண்களிடம் வழியவும் இறங்கிப் போவான். எடிவான் மேடையில் குனிந்து இரண்டு பேர் ஒயரையும் பிடுங்கிச் சுருட்டி வைப்பான். போன மாதம் கைதட்டல் போதையில் ஒஸ்மரீனு மைக்கிலேயே சொன்னான்: "இவன் இல்லாட்டியும் எனக்கு ஒண்ணும் நிக்காது!" கூட்டம் சிரித்தது. அடுத்த வாரம் எடிவான் வரவில்லை.

முதல் பிரதியில் எடிவானை ஆற்றில் படகோடு கவிழ்த்து—

அந்த வரியை அடித்துவிட்டேன். செத்தவனுக்காக அழுவது எனக்குச் சுலபம். எடிவான் உயிரோடு, நாலு தெரு தள்ளி, ஒரு சர்ச்சில் வாசிக்கிறான்.

[விளக்கு அணைந்தும் உள்ளே கரையும் பேட்டரி என்று ஓர் உவமை வாசலில் வந்து நின்றது. விரட்டினேன். ஒஸ்மரீனு தனியாக இருந்தான், அவ்வளவுதான்.]

5

முடிவு ஒன்று. பெடலைச் சுவர் மின்சாரத்தில் ஓடவைக்கும் ஓர் அடாப்டரை லுசிவால்டா எடுத்து வைத்தாள். "இதச் சொருகினாலே உள்ள பேட்டரி இணைப்பு விட்டுப்போயிரும். யாரும் எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம்." வாங்கினான். ஞாயிறு தப்பித்தது. அதன்பிறகு அவன் யாரையும் தேடவில்லை.

[இதை எழுதிவிட்டு இரண்டு நாள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.]

முடிவு இரண்டு. அடாப்டரை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான். மழை பிடித்துக்கொண்டது. இனி எடிவானால் அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் போன் போட்டான்.

"யாரு?"

"நாந்தான்டா."

ஒஸ்மரீனு மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினான்.

"ஆட்டம் முடிஞ்சதும் என் பெடல்ல ஒயரப் புடுங்கி வப்பியே..."

"ஒயரா? நான் எங்கடா புடுங்குனேன்?"

உண்மையிலேயே மறந்துவிட்டானா, வீம்புக்குச் சொல்கிறானா, எனக்குத் தெரியவில்லை. இதற்கு அடுத்த வரியைப் பதினொரு முறை எழுதினேன். பதினொரு முறையும் ஒஸ்மரீனு பேட்டரியைப் பற்றியே பேசுகிறான். சொல்ல வேண்டியது அதுவல்ல என்று அவனுக்கும் தெரியும். அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் நானே ஒருவருக்குப் போன் போட்டிருப்பேன்.

நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம். எடிவான் இன்னும் போனை வைக்கவில்லை.