வலிக்காத கால்

தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கரண்ட்டுக்காரர் என்றால்தான் தெரியும். இருபது வருஷமாக மனைவியின் அண்ணனோடு கூட்டாக எலக்ட்ரிக் கடை வைத்து, வீடு வீடாக ஒயர் இழுத்து, ஷாக் அடித்து ஷாக் அடித்து உரம் ஏறிப்போன மனுஷன். கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்த வேகத்தில் இறங்கியும் விடும்.

அப்பேர்ப்பட்ட ஆள் எட்டு மாதமாக ஏணியின் மூன்றாவது படியைத் தாண்டவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் விளக்கு மாட்டும்போது ஏணி சாய்ந்து விழுந்ததில் இடது கணுக்கால் உடைந்தது. உள்ளே இரண்டு ஸ்க்ரூ வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் கூடவே தங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது படியில் கால் வைத்ததும் உள்ளங்கை வியர்த்து, முழங்கால் வெடவெடவென்று ஆட ஆரம்பிக்கும். டெஸ்டர் கீழே விழுந்துவிட்டது, சிகரெட் தீர்ந்துவிட்டது என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு இறங்கிவிடுவார். இதில் வேடிக்கை, அவருக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.

பிளக் பாயிண்ட், சுவிட்ச் போர்டு என்று கைக்கெட்டும் வேலை இவருக்கு, உயரமெல்லாம் மச்சானுக்கு என்று ஆகிவிட்டது. மச்சானுக்கோ ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் தேய்ந்து, படி ஏறும்போதெல்லாம் கடக் கடக்கென்று சத்தம் கேட்கும். ஒரு நாள் கடையை மூடும் நேரத்தில் மச்சான் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ளே, அடுத்த மாசம் அந்தப் புது ஸ்கூல் ஹால் வேலை ஆரம்பிக்குது. இருபத்திரண்டு அடி உயரம், நாற்பது லைட்டு. மாத்தி மாத்தி ஏறினாத்தான் முடியும். உன்னால முடியலன்னா இப்பவே சொல்லிடு. நான் வேற ஆளைப் பார்க்கணும். நீ கடையில உக்காந்துக்கோ."

"பல்பு விக்கிறதுக்கா நான் இருபது வருஷம் ஷாக் வாங்கினேன்?" என்று பாய்ந்தார் கரண்ட்டுக்காரர். பாய்ந்தாரே தவிர, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நெஞ்சு கனத்துக் கிடந்தது. ஏணி ஏற முடியாவிட்டால் தன் தொழில் அத்தோடு சரி என்று அவருக்கே தெரிந்திருந்தது.

பயத்தை மறக்கலாம் என்றால் கனவு விடவில்லை. தினமும் விடிகாலையில் அதே மண்டபம், அதே ஏணி. கடகடவென்று ஏறுவார். கை விளக்கைத் தொடப் போகும்போது ஏணி இடது பக்கம் சாயும். "ஐயோ!" என்று வீடே அதிரக் கத்திக்கொண்டு எழுந்து உட்காருவார்.

"எல்லாம் எங்க அண்ணனைச் சொல்லணும்" என்று மனைவி பொருமுவாள். "ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டிய ஆளு டீக்கடையில போய் நின்னா வேற என்ன ஆகும்?"

அந்தப் பேச்சு வந்தாலே கரண்ட்டுக்காரர் தண்ணீர் கேட்பார், இல்லை மணி கேட்பார்.

இந்த நேரத்தில்தான் மனைவியின் தங்கை தலையிட்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் தூக்கக் கோளாறுப் பிரிவில் வேலை. தூங்க வருகிறவர்கள் தலையில் இருபது ஒயரை ஒட்டி, விடியும்வரை கம்ப்யூட்டரில் கோடு பார்ப்பாள். "நீங்க சுவத்துல ஒயர் ஓட்டுறீங்க, நான் மண்டையில ஒட்டுறேன், அவ்வளவுதான் வித்தியாசம் மாமா" என்பாள்.

"கனவு ஓடிக்கிட்டு இருக்கும்போதே இது கனவுன்னு தெரிஞ்சுக்க முடியும், மாமா. தெரிஞ்சுட்டா அங்க நடக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமா உங்க இஷ்டத்துக்குத் திருப்பலாம். பழக்கம்தான் வேணும்."

"விழாம இருக்கலாமா?"

"விழாமலும் இருக்கலாம், பறக்கவும் செய்யலாம்."

"பறக்கிறதெல்லாம் நீ வச்சுக்கோ. எனக்கு இருபத்திரண்டு அடி ஏறினா போதும்."

அவள் சொல்லிக்கொடுத்த வழி சுலபமானது. கனவில் சுவிட்சைப் போட்டால் பெரும்பாலும் விளக்கு ஒழுங்காக எரியாது. அதனால் பகலில் எந்தச் சுவிட்சைத் தொட்டாலும், 'இது கனவா?' என்று கேட்டுக்கொண்டே போட வேண்டும். பகலில் பழகினால் கனவிலும் கை தானாகச் சுவிட்சைத் தேடும். எரியவில்லையென்றால் கனவு. கேட்டதும் கரண்ட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுவிட்ச் விஷயத்தில் தன்னை அடிக்க ஆள் உண்டா என்ன!

ஐந்தாம் நாளே கனவில் சுவிட்ச் வந்தது. மண்டபச் சுவரில் இருந்ததைப் போட்டார். எரியவில்லை. மறுபடி போட்டார். எரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இது கனவு என்று புரிந்துகொண்டிருப்பார்கள். நம்மவர் பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மூடியைக் கழற்றி, ஒயரை ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தார். விடியும்வரை ரிப்பேர்தான். எழுந்தபோது தோள்பட்டை விண்விண்ணென்று வலித்தது.

"கனவுலயும் வேலையா? சம்பளம் யார் தருவா?" என்று மனைவி சிரித்தாள்.

அதோடு போயிருந்தால் சிரிப்போடு முடிந்திருக்கும். அடுத்த வாரம் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தது, மச்சானும் இவரும் போனார்கள். முன் அறைச் சுவிட்சைக் கரண்ட்டுக்காரர் போட்டார். விளக்கு எரியவில்லை. இன்னொரு தரம் போட்டார், எரியவில்லை. எரியாததால்தானே கூப்பிட்டார்கள்! ஆனால் இரண்டு வாரமாக உருப்போட்ட மனசு, 'கனவு' என்று அடித்துச் சொல்லிவிட்டது. முகம் மலர்ந்து டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க நிஜம் இல்ல."

நாற்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்த டீச்சர் அசரவில்லை. "அப்போ உங்க கூலியும் நிஜம் இல்லையே?" என்றார்.

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மெயினை அணைக்காமல், கரண்ட்டுக்காரர் போர்டைத் திறந்து வெறும் கையை உள்ளே விடப் போனார். பின்னாலிருந்து மச்சான் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. இரண்டு பேரும் சோபாவில் போய் விழுந்தார்கள். மச்சான் எழுந்து முதலில் மெயினை அணைத்தார்.

"செத்திருப்படா! உன்னை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக என்னால ஆகாது. புரியுதா? என்னால ஆகாது!"

மச்சானின் கண் கலங்கியிருந்தது. கரண்ட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் வீட்டுக்கு வந்ததும் மனைவி தங்கையைக் கிழி கிழியென்று கிழித்தாள். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் புத்தியைத்தான் சொல்லணும். ஊர்ல எல்லாருக்கும் சுவிட்சைப் போட்டா லைட் எரியும். எரியாத வீட்டுக்கு மட்டுமே போற மனுஷன்கிட்ட போய் இதைச் சொல்லி வச்சேனே! சரி, விடுங்க. முழிச்சிருக்கும்போது எப்பவும் இருக்கிறது, கனவுல இல்லாதது, அப்படி ஏதாவது இருக்கா மாமா?"

அவர் தலையைச் சொறிந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலேயே சொன்னாள்: "கால் வலி."

"என்னது?"

"எந்திரிச்சதுலருந்து படுக்கிற வரைக்கும் 'ஸ்ஸ், அம்மா'ன்னுதானே நடக்கிறாரு? கனவுல அந்தக் கால் வலிக்குதான்னு கேளு."

கரண்ட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். கனவில் அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவார். அது விழுவதற்கு முந்தின கால். "இல்ல, வலிக்காது" என்றார் மெதுவாக. எட்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த வலி முதல் தடவையாக எதற்கோ உதவப் போகிறது என்பதை நம்பவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து வாசற்படி, மாடிப்படி, பஸ் படி என்று எதில் கால் வைத்தாலும் இடது குதிகாலை ஓர் அழுத்து அழுத்துவார். சுரீரென்று வரும். 'நிஜம்' என்று சொல்லிக்கொள்வார். பத்தாம் நாள் விடிகாலையில், கனவு ஏணியின் முதல் படியில் குதிகாலை அழுத்தினார். வலி இல்லை. இன்னும் பலமாக அழுத்தினார். துளி வலி இல்லை. "அடேய், இது கனவுடா!" என்று கூவினார். அந்தச் சந்தோஷத்திலேயே முழிப்பு வந்துவிட்டது.

"ரொம்பச் சந்தோஷப்பட்டா கலைஞ்சிடும் மாமா. எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிதானமா நில்லுங்க" என்றாள் கொழுந்தியாள்.

அடுத்த தடவை ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கனவு கலையாமல் நின்றது. நிற்கட்டும் என்று விட்டாரா? "சாயாதே! சொன்னா கேளு!" என்று ஏணியை அதட்டினார். ஏணி நீண்டது. கூரை மேலே மேலே போனது. இவருக்குக் கோபம் தலைக்கேறியது, இன்னும் உரக்கக் கத்தினார். அன்றைக்கு விழுந்தது எட்டு மாதத்தில் இல்லாத உயரத்திலிருந்து.

"அங்க போயும் சண்டையா?" என்று கொழுந்தியாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கனவை மிரட்டினா அதுவும் மிரளும் மாமா. பெரிசா எதுவும் வேணாம். அந்த இடத்துல நிஜமாவே என்ன இருந்திருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்க? அதை மட்டும் கேளுங்க."

கரண்ட்டுக்காரர் தண்ணீர் கேட்டார்.

பள்ளிக்கூட வேலைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி அந்தக் கனவு வந்தது. பாதி ஏணியில் குதிகாலை அழுத்தினார். வலி இல்லை. இறுக்கிப் பிடித்தார், அதட்டவில்லை. கீழே பார்த்தார். இத்தனை நாள் கனவில் ஒரு தடவைகூட அவர் கீழே பார்த்ததில்லை. ஏணியடியில் யாரும் இல்லை.

ஏன் இல்லை என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு மச்சான் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். இவர்தான், "போங்க மச்சான், டீ குடிச்சுட்டு வாங்க. ஏணி பிடிக்க ஆள் வேணும்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடணும்" என்று வீறாப்புப் பேசி விரட்டினார். போக மாட்டேன் என்றவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மனைவி, "அண்ணன் எங்க போயிருந்தாரு?" என்று கேட்டபோது, "டீ குடிக்கப் போனாரு" என்று மட்டும் சொன்னார். பொய் இல்லை. ஆனால் பாதியை விழுங்கியிருந்தார். மச்சானும் வாயைத் திறக்கவில்லை. இவர் மனைவியின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு, தேய்ந்த முழங்காலோடு எட்டு மாதமாக எல்லா ஏணியிலும் அவரே ஏறினார்.

கனவிலும் வெட்கம் வெட்கம்தான். காது மடல் சுட்டது. ஏணி இடது பக்கம் அசையத் தொடங்கியது.

"மச்சான்!" என்று கூப்பிட்டார் கரண்ட்டுக்காரர். "ஏணியைப் பிடிங்க மச்சான்!"

கையில் டீ கிளாசோடு மச்சான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிளாசைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்தார். ஏணி நின்றது. கரண்ட்டுக்காரர் மேலே போய் விளக்கை மாட்டினார். அப்புறம் ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்தக் கனவில் அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை.

கண் விழித்தபோது மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, இன்னைக்குக் கத்தவே இல்லையே? எனக்கு பயமாப் போச்சு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, விழுங்கிய பாதியைச் சொல்லி முடித்தார். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"எட்டு மாசம்" என்றாள் கடைசியில். "எட்டு மாசமா எங்க அண்ணன்கிட்ட முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசல நான். வீட்டுக்கு வந்தா ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கல." அன்றைக்குச் சமையலறையில் பாத்திரங்கள் பட்ட பாடு அந்தப் பாத்திரங்களுக்குத்தான் தெரியும். கரண்ட்டுக்காரர் வாயே திறக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நியாயம்தானே!

பள்ளிக்கூட ஹாலில் ஏணியை விரித்து வைத்தார்கள். மச்சான் வழக்கம்போல் முழங்காலைத் தடவிக்கொண்டு முதல் படியில் கால் வைக்கப் போனார்.

"தள்ளுங்க மச்சான். நான் ஏறுறேன்."

"மாப்ளே, அவசரப்படாதே."

"அன்னைக்கு உங்களை விரட்டினது நான்தான்னு வீட்டுல சொல்லிட்டேன்."

"தெரியும். நேத்து தங்கச்சி போன்ல அழுதா" என்றார் மச்சான். "அவ அழுது முடிக்கிறதுக்குள்ள என் போன்ல சார்ஜே தீர்ந்துபோச்சு."

கரண்ட்டுக்காரர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. ஏணியில் கை வைத்தார்.

"பிடிச்சுக்கோங்க மச்சான். நான் இறங்குற வரைக்கும் எங்கயும் போகாதீங்க."

இருபது வருஷத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மச்சான் குனிந்து இரண்டு கையாலும் ஏணியைப் பற்றினார்.

மூன்றாவது படியில் உள்ளங்கை வியர்த்தது. முழங்கால் வெடவெடத்தது. கரண்ட்டுக்காரர் இடது குதிகாலைப் படியில் அழுத்தினார். சுரீரென்று வலித்தது. நிஜம். விழுந்தால் நிஜமாகவே விழ வேண்டியதுதான். கீழே பார்த்தார். நரைத்த தலையும், நரம்பு புடைத்த இரண்டு கையும் தெரிந்தன. நான்காவது படியில் கால் வைத்தார். பிறகு ஐந்தாவதில்.

நடுக்கம் உச்சிவரை கூடவேதான் வந்தது. அதையும் கூட்டிக்கொண்டு ஏறினார். முதல் விளக்கை மாட்டி, நெற்றி வியர்வையைத் துடைத்தபோது கீழேயிருந்து மச்சான் கவலையோடு கேட்டார்.

"மாப்ளே, கால் வலிக்குதா?"

"வலிக்குது மச்சான்!" ஹால் முழுக்க எதிரொலித்தது. "ஒவ்வொரு படியிலயும் வலிக்குது! நிஜமாவே ஏறிட்டேன் மச்சான்!"