ஆறு பேரும் ஒரு ஸ்பீக்கரும்

சி.டி. உறையைத் திறக்க மற்றவர்களுக்கு இரண்டு கையும் வேண்டும். மெஷினக்காவுக்கு இடது கட்டைவிரல் போதும். டப்பென்று திறந்து, சி.டி.யைப் பிடுங்கி, மேசையில் அடித்திருந்த ஆணியில் ஒரே இழுப்பு. கோடு விழுந்த சி.டி. தொட்டிக்கு, பாட்டுப் புத்தகம் சாக்குக்கு, உறை கூடைக்கு. பதினோரு வருஷமாக இதே மேசையில் இதையெல்லாம் உள்ளே வைத்து மூடியவள்தான். இப்போது கடைகளிலிருந்து விற்காமல் திரும்பி வந்ததைப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். ஊரே பாட்டைப் போனில் இறக்கிக் கேட்கும்போது சி.டி.யை யார் சீந்துகிறார்கள்?

"அண்ணி, மெதுவா!" பக்கத்தில் இருந்த நாத்தனார் பல்லைக் கடித்தாள். "மதியம்கூட ஆகல, ஏழாவது பெட்டி காலி."

"கை சும்மா இருந்தாத்தானே? நான் என்னடி பண்ண?"

பெட்டிகள் தீரும் அன்றே ஆலையை மூடுவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு ஐந்து வருஷம் முடித்திருந்தால் இதே முதலாளியின் மருந்து அட்டைப்பெட்டி ஆலையில் வேலை. முடிக்காதவர்கள் வீட்டுக்கு. அந்த மேசையில் முடிக்காதவள் நாத்தனார் ஒருத்திதான். இருபத்தைந்தாம் தேதி வந்தால் அவளுக்கும் ஐந்து வருஷம். புருஷன் கைவிட்டதும் மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, மெஷினக்காதான் இழுத்து வந்து இங்கே சேர்த்துவிட்டாள். இருவரும் வீட்டில் எலியும் பூனையும். ஆனால் வெளியாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சேர்ந்து பாய்வார்கள்.

மேசையில் இருந்த ஆறு பெண்களும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டிக்கு மேல் கூடாது. அப்படிப் போனால் இருபத்தெட்டு வரை இழுத்துவிடலாம். சூப்பர்வைசர் கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். "பிளாஸ்டிக் விரலைக் கிழிக்குது சார்" என்றாள் ஒருத்தி. "எனக்குக் கண்ணு எரியுது" என்றாள் இன்னொருத்தி. அவஸ்தையெல்லாம் மெஷினக்காவுக்குத்தான். கைகளை மடியில் போட்டு இருபது வரை எண்ணிவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

பதிமூன்றாம் தேதி சூப்பர்வைசர் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு வந்தார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"இப்படியா தூங்கி வழியறது? பாட்டு கேட்டுக்கிட்டே வேலை பாருங்கம்மா. இங்க இருக்கிற அத்தனை பெட்டியும் இந்தப் போனுக்குள்ள இருக்கு."

பெண்களுக்கு வாயெல்லாம் பல். வருஷக்கணக்கில் பாட்டைக் கட்டிக் கட்டி அனுப்பியவர்கள், இங்கே ஒரு பாட்டும் கேட்டதில்லை. படத்தின் பேர்கூடத் தெரியாது, அட்டையின் நிறம்தான் தெரியும்.

"சார், அந்தச் சிவப்பு அட்டை இருக்கே, பொண்ணு ஆடுற மாதிரி. அது போடுங்க!" என்று முதலில் கேட்டது நாத்தனார்தான்.

போட்டார். ஆட வைக்கிற பாட்டு. டப், இழுப்பு, டப், இழுப்பு என்று மெஷினக்காவின் கை தாளத்தோடு ஓடியது. மற்ற கைகளும் ஓடின. பெட்டிகளை எண்ண வேண்டிய நாத்தனாரே கூடச் சேர்ந்து பாடினாள். சாயங்காலம் பார்த்தால் பதினாறு பெட்டி காலி.

"சரி விடு, நாளைக்குக் குறைச்சுக்கலாம்" என்றாள் மெஷினக்கா. மறுநாளும் பதினாறு. அவள் எழுந்து சூப்பர்வைசரிடம் போனாள்.

"பாட்டு வேண்டாம் சார், தலை வலிக்குது."

"மத்தவங்க கேக்கட்டும்மா" என்று அவர் சத்தத்தைக் கூட்டினார்.

மெஷினக்கா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். பஞ்சு காதைத்தானே அடைக்கும்? மேசை முழுக்கத் தாளம் அதிர்ந்தது. மெதுவாக எடுக்க நினைப்பாள், மூன்றாவது உறையில் கை மறுபடி பாட்டோடு சேர்ந்துகொள்ளும். பாழாய்ப்போன கை.

இருபத்திரண்டாம் தேதி மதியம் கடைசிப் பெட்டி தீர்ந்தது. சூப்பர்வைசர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"மூணே நாள் சார்" என்றாள் நாத்தனார். "கூட்டிப் பெருக்குறேன். சம்பளம்கூட வேண்டாம், பேரு மட்டும் இருக்கட்டும்."

"மூடுற தேதியைக் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா. என் கையில என்ன இருக்கு?"

வீட்டுக்கு நடக்கும்போது மெஷினக்கா தெருவென்றும் பாராமல் அழுதாள். "உன் பொழப்பை நானே கெடுத்துட்டேன்டி."

"முதல்ல பாட்டுப் போடச் சொன்னது நான்தானே அண்ணி" என்றாள் நாத்தனார்.

மூன்றாம் நாள் காலை மருந்து ஆலையின் வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. நாத்தனார் அண்ணியின் டிபன் பாக்ஸை மூடி, துணிப்பையில் வைத்து நீட்டினாள்.

"அண்ணி, இன்னைக்குத் தேதி இருபத்தஞ்சுதானே?"

மெஷினக்கா பையை வாங்கிக்கொண்டாள். மறுபடி ஹாரன் அடித்தது.

"போங்க, முதல் நாளே லேட்டாகப் போகுது" என்று சொல்லிவிட்டு நாத்தனார் உள்ளே திரும்பினாள். தன் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற பாத்திரங்களோடு பரணில் வைத்தாள்.