தட்டை மாற்றாத நாள்

பூட்டுக்காரர் வெளியில் எங்கே சாப்பிட்டாலும் தட்டை மாற்றாமல் வாய் வைக்க மாட்டார். தன் முன்னால் வைத்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டு, அவருடையதை இழுத்துக்கொள்வார். கடைக்காரன் ஆள் பார்த்துத்தான் தட்டு வைப்பான், நேற்று மிஞ்சியதை இளிச்சவாயன் தலையில் கட்டுவான் என்பது அவர் எண்ணம். ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் திறந்து பார்த்த மனுஷனுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

அன்று அந்த இத்தாலியன் பீட்சா கடைக்குப் போகிற வழியிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க. பொண்ணு அந்தப் பையனைத்தான் கட்டுவேங்குறா. பிடிச்சா சரின்னு சொல்லுங்க, பிடிக்கலன்னா இல்லன்னு சொல்லுங்க. ஆனா அவன் கடையில போய்த் தட்டை மாத்தினீங்க, நான் எழுந்து போயிடுவேன்."

"சரி, மாத்தல. தொலையட்டும்."

சலவைக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் நாலே மேசை போட்ட கடை. மகள் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை மாவோடு கடைக்காரன் ஓடிவந்தான்.

"வாங்க மாமா."

"மாமாவா? நான் இன்னும் உக்காரவே இல்ல."

அடுப்பு தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். அவன் விறகு தள்ளுவதையும் மாவைத் தட்டுவதையும் கண் கொட்டாமல் பார்த்தார். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது.

மூன்று பீட்சா வந்தது. பூட்டுக்காரரின் கை தானாக மகளின் தட்டுப் பக்கம் போனது. மேசைக்கு அடியில் மனைவி அவர் காலை மிதித்தாள். கை திரும்பி வந்தது.

மகளின் முகம் மாறியது. "அப்பா, வேணும்னா மாத்திக்கலாம்பா."

அவளே மாற்றச் சொன்னதும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. அப்படியானால் தன் முன்னால் இருப்பதுதான் நல்ல தட்டு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய துண்டாக எடுத்துக் கடித்தார்.

காது அடைத்தது. கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாருடி, உங்கப்பா அழுறாரு," என்றாள் மனைவி. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "பெத்த மனசு. சம்மதம்னு சொல்லக்கூட வாய் வரல."

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பக்கத்து மேசை அம்மாள் தன் மூக்கையும் துடைத்துக்கொண்டாள். காரம் என்று ஒப்புக்கொள்ள மானம் விடவில்லை; அடுத்த துண்டில் கை வைத்தார்.

கடைக்காரன் பால் டம்ளரோடு ஓடிவந்து அந்தத் துண்டைப் பிடுங்கினான்.

"அத்தை, மாமா அழல. காரம். மாமா எப்படியும் தட்டை மாத்துவாருன்னு இவ சொன்னா. அதான் அவரோடதை இவ முன்னாடியும் இவளோடதை அவர் முன்னாடியும் வெச்சேன். சீஸுக்கு அடியில மிளகாய் எண்ணெய் ஊத்தலன்னா இவளுக்குத் தொண்டையில இறங்காது."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உன்னை யாரு சொல்லச் சொன்னா? எல்லாம் கூடி வந்துச்சே."

பூட்டுக்காரர் பாலை ஒரே மூச்சில் குடித்தார். மகளின் தட்டை இழுத்து, ஒரு துண்டை மெதுவாக மென்று முழுங்கினார். நன்றாகத்தான் இருந்தது.

"ஏன்டா, வாயை மூடிட்டு இருந்திருந்தா பொண்ணு உனக்குத்தானே?"

"ஆமா மாமா. ஆனா நீங்க அடுத்த துண்டை எடுத்துட்டீங்களே."

தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"கல்யாணச் சமையலுக்கு வெளியாளைப் பாரு. மாப்பிள்ளை அடுப்புப் பக்கமே வரக் கூடாது."