அறுநூற்று இருபது கன்றுகள்

உத்தமபாளையத்தில் தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து ஊராருக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பவள் உமாதேவி. அவள் கணவர் ஈஸ்வரபாண்டி டவுன் பஸ் டிரைவர். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் சாலையை அகலப்படுத்த அறுபத்திரண்டு புளியமரங்களை வெட்டியபோது, மரத்துக்குப் பத்துக் கன்று நடுவதாக நெடுஞ்சாலைத் துறை எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டு வருடம் அந்த வழியே பஸ் ஓட்டியும் ஒரு கன்று அவர் கண்ணில் படவில்லை. 2008இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேள்வி கேட்டார். தட்டச்சு செய்தது அவள்தான்.

பதில் வருமுன் அவர் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறதென்று பஸ்ஸை ஓரங்கட்டியவர் ஸ்டியரிங்கில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தபால் வந்தது. நட்ட கன்றுகள் 620, உயிரோடிருப்பவை 588 என்றிருந்தது. அவர் கையால் பிரித்திருக்க வேண்டிய கவர். உமாதேவிக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

பஸ் ஏறிப் போய் இறங்கி நடந்தாள். சாலையோரம் வெள்ளையடித்த கற்களில் வரிசை எண்கள் இருந்தன. கல்லருகே குழியில் எருக்கு மண்டிக் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சங்கிலியம்மாளிடம் கேட்டாள்.

"குழி தோண்டுனாக, கன்ன நிறுத்திப் போட்டா எடுத்தாக. பெறகு அதே வண்டியில ஏத்திக் கொண்டு போயிட்டாக ஆத்தா."

மேல்முறையீடு செய்தாள். விசாரணைக்குக் கூப்பிட்ட அதிகாரி, தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மனுதாரர் எறந்துட்டாருல்லம்மா? மனுவும் அதோட முடிஞ்சுபோச்சு."

"அவுக இல்லேன்னா, நடாத கன்னு நட்டதா ஆயிருமா சார்?"

அவர் தாளை மூடி வைத்துவிட்டு அடுத்த மனுக்காரரைக் கூப்பிட்டார்.

அன்று மதியமே தன் பெயரில் புது மனு அடிக்க உட்கார்ந்தாள். கணவர் பெயருக்கு முன் 'லேட்' என்று அடிக்க வேண்டியிருந்தது. எத்தனையோ விதவைகளுக்குக் கை நிற்காமல் அடித்துக் கொடுத்த வார்த்தை. இப்போது விரல் எழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வாசலில் போகிறவர்களுக்கு முதுகைத் திருப்பி அழுதாள். பிறகு அடித்து முடித்தாள்.

ஒன்பது மாதம் கழித்துத் துறை அதிகாரிகள் நேரில் பார்வையிட வந்தார்கள். அவர்களிடமும் சங்கிலியம்மாள் அதையே சொன்னாள். கன்றுகள் வறட்சியில் பட்டுப்போனதாக அறிக்கை எழுதி, சமாதானத்துக்கு நாற்பது வேம்பு நட்டார்கள். யார் மேலும் நடவடிக்கை இல்லை.

நட்ட அன்று அவர்களில் ஓர் அதிகாரி அவளையும் போட்டோவுக்குக் கூப்பிட்டார்.

"போட்டா வேணாம் சார். தண்ணி யாரு ஊத்துவாக?"

"பஞ்சாயத்துல சொல்லிருக்கோம்மா."

அடுத்த கோடையில் உயிரோடிருந்தவை ஏழு. அந்த ஏழு வேம்பையும் சாலையின் எந்தப் பக்கம், எத்தனையாவது கல் என்று குறித்துக்கொண்டு, மீதி அறுநூற்றுப் பதின்மூன்றைக் கேட்டு மறுபடி எழுதினாள். வீட்டில் அதை வாசித்துக் காட்ட ஆளில்லை. மடித்துக் கவரில் போட்டு ஒட்டினாள்.