பீப்பாய்க்குள் ஒன்பது வருடம்

1936ஆம் வருடம் அக்டோபர் ஏழாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஷூரின் குரல் பீருக்குள் விழுந்தது. வெளியே எடுக்க முடியவில்லை.

ஷூர் வாழ்ந்த பள்ளத்தாக்கில் பீர் காய்ச்சுகிறவர், பார்லியை ஊறவைத்து வடித்த சாறு ஆறியதும் ஈஸ்ட்டைப் போட்டுவிட்டுத் தொட்டிக்குள் குனிந்து கத்த வேண்டும். ஏற்கெனவே குடித்துவிட்டவனைப் போலச் சந்தோஷமாகக் கத்த வேண்டும். கத்தல் எவ்வளவு பெரிதோ பீர் அவ்வளவு கடுமையாக வரும். ஷூர் அடங்கிய பேச்சுக்காரர். இருபது வருடமாக அவர் கத்தியதெல்லாம் பூனையைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. பீரும் அப்படியே வந்தது. பீர் தயாரானதும் அக்கம்பக்கத்தார் சுவைத்துப் பார்க்க வருவது வழக்கம். அவர்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் தீர்ப்பு. நல்ல பீர் என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், எழுந்திருக்கவும் மாட்டார்கள். ஷூரின் வீட்டில் இருட்டுவதற்குள் பெஞ்சுகள் காலியாகிவிடும். முதலில் எழுந்திருப்பவர் அடுத்த பண்ணை ஆன்ஃபின்.

"நல்லா இருக்கு ஷூர்," என்பார் தொப்பியை எடுத்துக்கொண்டே. "வரட்டுமா? மாடு கன்னு போடற நாளு."

"உன் மாடு போன வாரமே போட்டாச்சே," என்பாள் ஷூரின் மனைவி குன்வோர்.

"இன்னொண்ணு போட்டாலும் போடும்ல."

ஒரே ஒரு தடவையாவது விடியும்வரை யாரும் எழுந்துபோகாமல் இருக்க வேண்டும். ஷூர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அந்த வருடம் இரண்டு பங்கு பார்லி போட்டார், பாதித் தண்ணீர் ஊற்றினார். ஜூனிபர் செடியின் கிளைகளைப் பரப்பி வடித்த சாறு தார்போல் இறங்கியது. போன தடவை காய்ச்சியபோது உத்தரத்து மரவளையத்தில் தடவிக் காயவைத்திருந்த ஈஸ்ட்டைச் சுரண்டிப் போட்டார். குன்வோர் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நான் உன்னக் கட்டிக்கச் சம்மதிச்ச அன்னிக்குக் கத்தினியே, அப்படிக் கத்து."

"அன்னிக்கு நான் கத்தவே இல்லையே."

"அதத்தான் சொல்றேன். அதையும் சேத்துக் கத்து."

ஷூர் கத்தினார். பள்ளத்தாக்கின் நடுவே கிடந்த நீரின் எதிர்க்கரையில் ஒரு படகுக்காரர் துடுப்பைத் தவறவிட்டார். மேற்கே மூன்று வீட்டார் மலை சரிகிறது என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பிறகு ஷூர் நிமிர்ந்து, எப்படி என்று கேட்க வாயைத் திறந்தார். வாயில் சத்தம் இல்லை. "எப்படி இருந்துச்சு?" என்று தொட்டிக்குள்ளிருந்து கேட்டது. நகரத்திலிருந்து வந்த டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டுக் குறையொன்றும் இல்லை என்றார். தொட்டியை முகர்ந்துவிட்டு, அதிலும் குறையொன்றும் இல்லை என்றார்.

மூன்றாம் நாள் பீரை நிலவறையில் இருந்த பீப்பாய்க்கு மாற்றியபோது குரலும் உடன் போனது. கத்திக்கொண்டிருக்கிற பீரை யாரும் குடிப்பதில்லை. ஆறட்டும் என்று அடைப்பை இறுக்கிவிட்டார்கள். முதல் குளிர்காலம் முழுவதும் அது கத்தியது. மேலே சாக்குகளைப் போட்டு மூடி வைத்தார்கள். இரண்டாம் வருடம் முனகலாக இறங்கியது. நான்காம் வருடத்தில் குரல் கனத்து, தேவாலயத்தின் பெரிய மணியளவு தாழ்ந்திருந்தது. இதற்குள் ஷூர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பீப்பாய்க்கு அருகில் உட்கார்ந்து வாயசைத்தால் சொல் உள்ளேயிருந்து வந்தது. வீட்டின் முக்கியமான பேச்செல்லாம் கீழே இறங்கியது. "சண்ட போடறதுன்னா நிலவறைக்கு வா," என்பாள் குன்வோர். "எனக்கும் எவ்வளவு நேரம்தான் சுவத்தோட கத்த முடியும்?"

யுத்தம் வந்தது. ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தார்கள். பார்லிக்குக் கட்டுப்பாடு வந்தது. பள்ளத்தாக்கில் காய்ச்சுவது நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூர் கீழே உட்கார்ந்து துதிப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது ஜெர்மானியச் சிப்பாய்கள் வந்து நிலவறையைச் சோதித்தார்கள். அவர்களுடைய அதிகாரி பீப்பாயில் காதை வைத்து ஒரு பாட்டு முழுவதையும் கேட்டார். பாடும் பீப்பாய் என்று அறிக்கை எழுதினால் முதலில் தன்னைத்தான் விசாரிப்பார்கள் என்று எண்ணி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

1945 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஜூனில் மகள் சுன்னிவாவுக்குக் கல்யாணம். எதிர்க்கரைப் பையன். பள்ளத்தாக்கில் இருந்த ஒரே கடும்பீர் ஷூருடையது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் குன்வோர் நிலவறைக்கு இறங்கினாள். சண்டைக்கு வரவில்லை.

"தொறந்தா உன் குரல் போயிடும்."

"போகாது," என்றது பீப்பாய். "குடிச்சா திரும்பி வந்துடும்."

"அப்ப முதல் கிண்ணத்த நீ குடி."

"காய்ச்சினவன் கடைசிலதான் குடிக்கணும்."

"யாருய்யா பாக்கப்போறா?"

"கல்யாணத்துக்கு வர்ற அறுபத்து மூணு பேரு."

குன்வோர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லை. "ஒன்பது வருஷமா இந்தக் குழிக்குள்ள வந்துதான் உன் குரலக் கேக்கறேன்," என்றாள். "மேல, அடுப்படியில கேக்கணும்."

மறுநாள் அடைப்பைத் திறந்தார்கள். பீர் கறுப்பாக, நுரையில்லாமல் இறங்கியது. மரக்கிண்ணங்கள் கை மாறிப் போயின. ஷூர் கதவருகே நின்று ஆன்ஃபினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ஃபின் குடித்தார். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் போட்டார். "இன்னொரு கிண்ணம் ஊத்து," என்றார். அது ஷூரின் குரலாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். குடித்தவர்களின் சிரிப்பும் ஷூருடையதாக இருந்தது. பாதிரியார் இரண்டு கிண்ணம் குடித்தார். மணப்பெண் அப்பாவின் குரலில் மாமியாருக்கு நன்றி சொன்னாள். முதல் நாள் விடிந்தது, யாரும் போகவில்லை. இரண்டாம் நாளும் விடிந்தது. குன்வோர் ஒரு கிண்ணத்தை மேலங்கிக்குள் மறைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். அதேநேரம் எதிர்க்கரைக் கிழவர் ஒருவர் காலிக் கிண்ணத்தோடு வந்து நின்றார். ஷூர் அவளுடையதை வாங்கி அவருக்கு ஊற்றினார்.

மூன்றாம் நாள் காலையில் பீப்பாயைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. குன்வோர் மேலங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஷூர் அவள் அருகே வந்து வாயசைத்தார். பெஞ்சில் சாய்ந்திருந்த ஆன்ஃபினின் வாய் திறந்தது.

"பாத்தியா குன்வோர்," என்றது ஷூரின் குரல். "யாருமே போகல."

அதன் பிறகு அவரவர் பேச்சு அவரவர் குரலிலேயே இருந்தது. ஷூர் வாயசைக்கும்போது மட்டும், குடித்தவர்களில் அருகில் இருப்பவர் பேசினார். எனவே தினமும் யாராவது ஒருவர் ஷூரின் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்படி முறை வைத்துக்கொண்டார்கள். சண்டை என்றால் குன்வோர் வேலிக்கு வந்து ஆன்ஃபினைக் கூப்பிடுவாள். அவர் வந்து கணவனுடைய பக்கத்தைப் பேசி முடித்து, காபி குடித்துவிட்டுப் போவார். "உன்கூடப் பேசறதுக்கு இவன் மூஞ்சியப் பாக்கவேண்டியிருக்கு," என்பாள் அவள். "எனக்கு மட்டும் உன் மூஞ்சியப் பாக்க ஆசையா?" என்பார் ஆன்ஃபின், தன் சொந்தக் குரலில்.

அடுத்த கோடையில் சுன்னிவாவுக்குப் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்தன்று ஷூர் குழந்தையைக் கையில் ஏந்திப் பாதிரியார் முன் நின்றார். தேவாலயம் நிறைந்திருந்தது. கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் வந்திருந்தார்கள், எல்லோரும் நெருங்கி நின்றிருந்தார்கள். அருகில் இருப்பவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத நெருக்கம். பாதிரியார் குழந்தையின் பெயரைக் கேட்டார். ஷூர் வாயசைத்தார். "தூரா," என்றன அறுபத்து மூன்று வாய்கள், ஒரே குரலில், தாழ்வாக. அவற்றில் ஒன்று பாதிரியாருடையது. தான் கேட்டதற்குத் தானே பதில் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. தண்ணீரில் கையை நனைத்து, குழந்தையின் தலையில் மூன்று முறை வைத்தார்.