கையெழுத்துப் போடாத தூர்பியோர்க்

ஐனெர்விக் நகராட்சி அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருடமாக இருப்பவள் தூர்பியோர்க். ஈஸ்டர் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த காலையில், அவள் பெயரில் அலுவலகத்தின் நூற்று நாற்பது ஊழியர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது: "உங்கள் கடவுச்சொல் இன்று காலாவதியாகிறது. இங்கே அழுத்திப் புதுப்பியுங்கள்." நம்பி அழுத்தியவர்களின் கடவுச்சொல் எவனோ திருடன் கைக்குப் போய்விட்டது.

பத்து மணிக்கு நிர்வாகத் தலைவர் ஐவிந்த் ஒரு தாளோடு வந்தார். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது, மன்னிக்கவும்' என்று அச்சடித்து, கீழே அவள் பெயரைப் போட்டிருந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்து. இதோட முடிச்சுக்கலாம்."

"நான் எதையும் அழுத்தலையே."

"உங்க பேர்லதானே வந்திருக்கு?"

"என் பேரை யார் வேணாலும் எழுதலாம் ஐவிந்த். கையெழுத்தை நான்தான் போடணும். போட மாட்டேன்."

தவறு அவளுடையதுதான் என்று மதியக் கூட்டத்தில் தானே அறிவித்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, முகம் சிவக்கப் போனார். அவள் நேரே கணினிப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருப்பது இங்வில்ட் ஒருத்திதான். காலையிலிருந்து எல்லோருக்கும் பதில் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அது எங்கேருந்து கிளம்புச்சுன்னு காட்டு."

"மேல தெரியற பேரை நம்பாதீங்க," என்று இங்வில்ட் அந்த மின்னஞ்சலின் மறைவான வரிகளைத் திறந்தாள். "போற வழியில ஒவ்வொரு கணினியும் ஒரு முத்திரை குத்தும். கீழேருந்து படிக்கணும்."

அடியில் அனுப்பியவரின் கணக்கு இருந்தது. அது ஐவிந்தினுடையது. இங்வில்ட் அந்தக் கணக்கின் பதிவுகளையும் திறந்தாள். சனிக்கிழமை வேறொரு நாட்டிலிருந்து யாரோ அவருடைய கடவுச்சொல்லோடு நுழைந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவருக்கும் இதேபோல் ஒன்று வந்திருந்தது, எங்கோ ஒரு பூக்கடையின் கணினியிலிருந்து. அந்தக் கணினிக்குள்ளும் திருடன் புகுந்திருக்க வேண்டும். அதற்கப்பால் தடம் இல்லை.

"போலீஸுக்கு எழுதறேன். ஆனா ஆள் சிக்குவான்னு நம்பிக்கையில்ல."

"அவன் கிடக்கட்டும். இதை அச்செடுத்துக் கொடு."

"அவரு எனக்கும் மேலதிகாரி."

"நீ தாளை மட்டும் கொடு. பேசறது நான்."

கூட்டத்தில் ஐவிந்த் வாய் திறக்குமுன் தூர்பியோர்க் எழுந்து அந்த அச்சுப்பிரதியை வாசித்தாள்.

"லீவுக்கு மலைக் குடில்ல இருந்தேன்... அவசரத்துல ஃபோன்ல அழுத்திட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு," என்றார் அவர்.

"அழுத்துனது குத்தமில்ல, யாருக்கும் நடக்கும். சந்தேகம் வந்தப்பவே சொல்லியிருந்தா அன்னிக்கே தடுத்திருக்கலாம். அதை விட்டுட்டு என் தலையில கட்டப் பாத்தீங்களே, அதை விட மாட்டேன். மன்னிப்புக் கடிதம் எல்லாருக்கும் இன்னிக்கே போகணும். உங்க கையெழுத்தோட."

பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "வேற யாராவது கடவுச்சொல் கொடுத்திருந்தா கையைத் தூக்குங்க. எவனாவது சிரிச்சான்னா நான் பாத்துக்கறேன்."

முதலில் சாலைப் பிரிவின் தடியன் கௌதே தூக்கினான். பிறகு இன்னும் பதினோரு கைகள். இங்வில்ட் அங்கேயே உட்கார்ந்து அத்தனை கணக்குகளையும் பூட்டினாள்.

மூன்று மணிக்கு ஐவிந்தின் கடிதம் வந்தது. தூர்பியோர்க்கின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லி, அவருக்கே திருப்பிவிட்டாள்.