ஏழு ஊக்குகள்

“நான் வீட்டுக்குப் போறேன், நான்சி.”

“செத்த இருங்க டீச்சர், நீங்கதானே—”

“கேட்டேன்தான்! புத்தி கெட்டுப்போய்க் கேட்டேன்!”

“—எனக்கே எனக்குன்னு ஒரு படம் வேணும்னீங்க!”

நாற்பத்தைந்து வயதில், ரவிக்கையில்லாமல் சுங்குடிச் சேலை மட்டும் சுற்றி ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு வந்திருந்தாள் ரோசலின் டீச்சர். பள்ளிக்கூடம் போகிற பழக்கத்தில் அந்தச் சேலையிலும் ஏழு ஊக்குகள் குத்தியிருந்தாள்.

ஸ்டுடியோக்காரி நான்சி கேமராவை அவள் கையில் திணித்தாள். “அப்ப முதல்ல என்னைய எடுங்க.” தன் சுடிதாரைத் தோளில் சரித்துவிட்டு படம் எடுக்கப் போட்டிருந்த மெத்தையில் உட்கார்ந்தாள்.

“கூன் போடாதடி, நிமிரு. தாடையத் தூக்கு. அடியே, எம்புட்டு அழகா இருக்க!”

சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போகிற நினைப்பே போய்விட்டது டீச்சருக்குத் தெரிந்தது. கேமராவைக் கொடுத்துவிட்டு ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

“கண்ணாடியிலகூட நான் என்னைய இப்படிப் பாத்ததில்ல நான்சி. நல்லா இருக்கேனா?”